அந்தோனியார் கெபியும் ஒன்பது லைற்றும்

இன்னாசித்தம்பி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று குருநகரில் யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அவர் திருத்துவார். வாத்தியாருக்குத் தெரிந்ததையெல்லாம் மூன்று வருடத்தில் படித்து முடித்தாயிற்று, பிறகும் அங்கே குந்தியிருந்து என்ன செய்வது என்று கேட்பார். எழுபது வயதாகியும் அந்தக் கேள்விக்கு யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

பத்து வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனார். பதினைந்து வயதில் தகப்பனின் படகு எஞ்சின் நின்றுபோனது. மெக்கானிக் வர இரண்டு நாள் செல்லும் என்றார்கள். இவர் சாக்கை விரித்து, எஞ்சினைக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக அடுக்கி, துடைத்து, திரும்பப் பூட்டினார். ஒரு நட்டு மிஞ்சியது. கயிற்றை இழுத்தார், எஞ்சின் எழும்பியது. அந்த நட்டு தேவையில்லாதது என்று எஞ்சினே ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

அன்றிலிருந்து ஐம்பத்தைந்து வருடம். கடற்கரையில் நிற்கும் படகுகளில் அவர் கை படாத எஞ்சின் இருந்தால் அது நேற்று வாங்கியதாக இருக்க வேண்டும். பெற்றோலைக் கண்ணால் காணக் கிடைக்காத தொண்ணூறுகளில், ஒரு மூடி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். அந்த நாளில் யாழ்ப்பாணம் முழுக்க எத்தனையோ பேர் அதைச் செய்தார்களே என்று யாராவது கேட்டால், "ஓம், என்னட்டைப் பாத்துத்தான்" என்பார். கொட்டிலில் தொடங்கிய பட்டறை இன்றைக்குக் கொங்கிறீற் கட்டடம். ஓலை வீடு மாடி வீடாயிற்று. மூன்று பிள்ளைகளும் பட்டதாரிகள். ஒருவரின் உதவியும் இல்லாமல், ஒரு புத்தகத்தையும் விரித்துப் பார்க்காமல் இவ்வளவும் செய்த மனிதன் கொஞ்சம் பெருமையாகக் கதைத்தால் அதில் என்ன பிழை? புழுகுகிறார் என்பவர்கள், அவர் செய்ததில் பாதியைச் செய்து காட்டட்டும்.

ஆனால் எழுபது வருடத்தில் அவரால் செய்ய முடியாதது ஒன்று இருந்தது. செபமாலை மாதாவின் சுருவத்தை அவரால் தன் ஒழுங்கைக்குள் கொண்டுவர முடியவில்லை.

ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், வெஸ்பர் ஆராதனை முடிந்ததும் பதினாறு ஆம்பிளைகள் மாதாவின் சுருவத்தைத் தோளில் தூக்கிச் சுற்றுப்பிரகாரம் வருவார்கள். பெரிய றோட்டால் போய்ப் பெரிய றோட்டாலேயே திரும்பும். இன்னாசித்தம்பியின் ஒழுங்கை ஒடுங்கிய சந்து, இருபத்திமூன்று வீடு. ஒரு பக்கம் மூடாத வாய்க்கால், மறுபக்கம் மதில், ஆறு மணிக்குப் பிறகு கும்மிருட்டு. "பாரத்தோடை வாற பொடியள் வாய்க்காலுக்கை விழுந்தால் ஆர் பொறுப்பு? முதலிலை லைற் போடுவியுங்கோ, பேந்து பாப்பம்" என்று பங்குச் சுவாமி ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லைற்றையும் இன்னாசித்தம்பிதான் போடுவித்தார். மாநகர சபைக்குப் பதினொரு தரம் போனார். பதினோராம் தரம் சோற்றுப் பார்சலோடு போய், அங்கேயே வாங்கில் இருந்து சாப்பிட்டார். ஆவணி மாதம் ஒன்பது எல்.ஈ.டி லைற் வந்தது. வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். நிலத்தில் விழுந்த ஊசியைப் பொறுக்கலாம். இந்த வருடம் சுருவம் ஒழுங்கைக்குள் வரும் என்று சுவாமி பூசையிலே அறிவித்தார். அன்றைக்கு இன்னாசித்தம்பியின் மனைவி லூர்த்தம்மா படலைக்கு முன்னால் மேசை வைத்து விரிக்கவென்று வெள்ளைத் துணி எடுக்கக் கடைக்கு ஓடினாள். மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரிகளும் அதே கடைக்குத்தான் ஓடினார்கள்.

இன்னாசித்தம்பி தன் பங்குக்கு ஒழுங்கை முகப்பில் உள்ள அந்தோனியார் கெபிக்கு ஒரு கூரை அடித்தார். கெபி ஆளுயரம்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார் நிற்பார். பழைய தகரக் கூரை கறள் பிடித்துக் கிடந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரே தகட்டில், ஒட்டுத் தெரியாமல், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் சரிவாகக் கூரை வளைத்து, கீழ் விளிம்பில் தன் பெயரையும் வெட்டிப் பூட்டினார். பூட்டியது புரட்டாசியில். சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார்.

கொடியேற்றம் வியாழக்கிழமை. அன்று தொடங்கி ஒன்பது நாள் பின்னேரமும் ஆறரைக்கு ஒழுங்கைப் பெண்கள் கெபியடியில் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். முதல் நாளே செபமாலை நடந்துகொண்டிருக்க ஒன்பது லைற்றும் ஒன்றாக அணைந்தன. ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்க, ஒன்பதும் ஒன்றாகப் பற்றின. அடுத்த மந்திரம் முடிய மறுபடி அணைந்தன. இப்படியே ஐம்பத்துமூன்று மந்திரமும் போயிற்று. பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில்.

மறுநாள் காலை இன்னாசித்தம்பி ஏணியோடு வந்துவிட்டார். ஒன்பது லைற்றுக்கும் கெபியடி லைற் போஸ்ற்றில் ஒரே பெட்டி. உள்ளே வயர் பூட்டிய இடமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. உப்புக் காற்று. இதுதான் வருத்தம், மருந்து என்னிடம் இருக்கிறது என்று கீழே நின்ற பத்துப் பேருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மெயினை நிற்பாட்டி, ஒவ்வொன்றையும் அரத்தாள் போட்டு மினுக்கிப் பூட்டினார். பின்னேரம் லைற் பற்றியது. ஒரு மந்திரம் முடிய அணைந்தது.

சனிக்கிழமை கறண்ட் அழுத்தம் என்று பிடித்தார். பின்னேரம் ஐஸ் போடுகிற இடங்களில் பெரிய மோட்டர்கள் எழும்ப, இங்கே அழுத்தம் விழுகிறது என்பது அவருடைய கணக்கு. மீற்றரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றார். முள் அசையவேயில்லை. ஞாயிறு, பெட்டிக்குள் ஒரு பல்லி. பல்லிதான் சோலி என்று அதைப் பிடித்து வாய்க்காலுக்கு அப்பால் விட்டு, ஓட்டையெல்லாம் அடைத்தார். அன்றைக்கும் ஐம்பத்துமூன்று மந்திரமும் பாதி இருட்டில்தான்.

லூர்த்தம்மாவின் தம்பி அடைக்கலநாதன் பெரிய றோட்டில் இருக்கிறவன். சுருவம் ஒழுங்கைக்குள் வராவிட்டால், வழக்கம்போல அவனுடைய வாசலால்தான் போகும். ஞாயிறு பின்னேரம் சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தான்.

"அத்தான், லைற் நல்ல வடிவாய்க் கண் சிமிட்டுது. ஆருக்குச் சிமிட்டுது, அக்காவுக்கோ?"

"உன்ரை வாசலுக்குச் சுருவம் வராதெண்டு உனக்கு வயித்தெரிச்சல் மச்சான். போ, போய்ப் படு."

"நான் மேசைத் துணி தோய்ச்சுப் போட்டிட்டன். எதுக்கும் காயட்டும் எண்டு" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

திங்கட்கிழமை காலை சபையிலிருந்து வாளி வைத்த லொறியோடு வித்தியா வந்தாள். மின் பகுதியின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், அரியாலை ஊர்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். வாளிக்குள் ஏறி ஒவ்வொரு லைற்றாகத் திறந்து பார்த்தாள். தண்ணீர் போகவில்லை, உள்ளே கறண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி சுட்டுப் போகவில்லை, அழுத்தமும் சரி. இன்னாசித்தம்பி மினுக்கிய வயர்ப் பூட்டுகளைப் பார்த்து, நல்லாய்ச் செய்திருக்கிறியள் ஐயா என்றாள். அது அவருக்கு முன்னமே தெரியும்.

கடைசியாக, பெட்டிக்கு மேலே இருந்த சென்சரைக் காட்டி விளங்கப்படுத்தினாள். அது ஒரு கண் மாதிரி. இருட்டினால் லைற்றைப் போடும், வெளிச்சம் பட்டால் அணைக்கும். கண் பழுதாய்ப் போயிருக்கலாம் என்று புதுசு ஒன்றைப் பூட்டினாள். பூட்டிவிட்டு, சுற்றிவரப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, இஞ்சை கிட்டடியிலை ஏதும் புதிசாய் வைச்சவையளே? போர்ட், லைற், அப்பிடி ஏதும்?"

"பிள்ளை, எனக்குத் தெரியாமல் இந்த ஒழுங்கைக்கை ஒரு குண்டூசியும் வராது. ஒண்டும் வைக்கேல்லை. உங்கடை லைற்றிலைதான் கோளாறு. நான் எஞ்சினிலை காது வைச்சே வருத்தம் சொல்லுறவன், எனக்கு உதுகள் பெரிய காரியமில்லை."

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். வித்தியா தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் சுவாமியும் வந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் தான் நேரில் வந்து பார்ப்பதாகவும், அன்றைக்கும் லைற் இப்படியென்றால் சுருவம் பெரிய றோட்டால்தான் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் மழை தூறியது. பெண்கள் குடையோடு வந்து கெபியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மெழுகுதிரி அணையாமலிருக்க லூர்த்தம்மா தன் பெரிய கறுப்புக் குடையைக் கெபிக்கு மேலே பிடித்தாள். ஐம்பத்துமூன்று மந்திரம், ஒரு தரம்கூட லைற் அணையவில்லை. முடிந்ததும் மழை பலக்க, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்கையில் மூன்று கட்சி. புதுச் சென்சர்தான் என்றார்கள் சிலர். அரத்தாள் போட்ட பூட்டு இப்போதுதான் சரியாகக் கடித்துப் பிடித்திருக்கிறது என்றார் இன்னாசித்தம்பி. செபமாலைதான் என்றார்கள் பெண்கள்.

செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. லைற் மறுபடி அணைந்து அணைந்து பற்றியது. சென்சர் கட்சி தோற்றது, பூட்டுக் கட்சியும் தோற்றது. பெண்களின் கட்சி மட்டும் தோற்கவில்லை. அவர்கள் சுற்றிவரப் பார்த்து, நேற்று இல்லாமல் இன்று வந்தவள் ஆர் என்று தேடினார்கள். றெஜினா.

றெஜினா மூன்றாம் வீட்டுக்காரி. சந்தையில் மீன் விற்கிறவள். புருஷன் செத்துப் பதினான்கு வருடம். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தது. கொடியேற்றத்திலிருந்து ஞாயிறு வரை செபத்துக்கு வந்தாள், லைற் அணைந்தது. திங்கள் காய்ச்சலென்று வரவில்லை, லைற் எரிந்தது. செவ்வாய் வந்தாள், அணைந்தது. அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் மதில் விஷயமாக இரண்டு மாதமாய்க் கொழுவல் என்பது எல்லோருக்கும் தெரியும். மனதிலே பகையை வைத்துக்கொண்டு மாதாவுக்கு முன்னால் வந்து நின்றால் வேறென்ன நடக்கும் என்று யாரோ ஒருத்தி அவள் காதில் விழும்படியாகவே சொன்னாள். றெஜினா செபமாலையை மடிக்குள் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். அவள் பதில் சொல்லாமல் போனதை அந்த ஒழுங்கை அன்றைக்குத்தான் கண்டது.

புதன்கிழமை அவள் வரவில்லை. மழை பெய்தது. குடைகள் வந்தன. லைற் அசையாமல் எரிந்தது. அத்தோடு வழக்கு முடிந்தது என்றார்கள்.

இன்னாசித்தம்பிக்கு வழக்கு முடியவில்லை. ஐம்பத்தைந்து வருடத்தில் மனுசியின் மனப்பகையைப் பார்த்து நின்ற எஞ்சின் ஒன்றை அவர் கண்டதில்லை. பெண்கள் செபம் முடித்துப் போகும்போது கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கெபியடியில் இருந்தார். ஏழு மணியிருக்கும், மழை விட்டிருந்தது. கடைசிக் குடையும் மடங்கிக்கொண்டு போனது. ஒரு மந்திரம் சொல்லும் நேரம். லைற் அணைந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பற்றியது. மேலே லைற்றைப் பார்த்தார், போஸ்ற்றின் நடுவில் இருந்த சென்சரைப் பார்த்தார், பிறகு எதேச்சையாகத் தன் கூரையைப் பார்த்தார். கண் கூசியது. லைற்றின் வெளிச்சம் கூரையில் விழுந்து, சரிவில் தெறித்து, போஸ்ற்றில் ஒரு வெள்ளை வட்டமாக நின்றது. வட்டத்தின் நட்டநடுவில் சென்சரின் கண்.

வீட்டுக்குப் போய்க் குடையை எடுத்துவந்து கூரைக்கு மேலே விரித்துப் பிடித்தார். ஒரு மந்திரம், இரண்டு மந்திரம், பத்து மந்திரம். லைற் அசையவில்லை. குடையை எடுத்தார். அணைந்தது.

சென்சரின் கண்ணுக்கு என்ன தெரியும்? பளீரென்று வெளிச்சம் பட்டால் விடிந்துவிட்டது என்று லைற்றை அணைக்கிறது. அணைந்ததும் இருட்டு, உடனே போடுகிறது. போட்டதும் கூரை மறுபடி விடியவைக்கிறது. ஆனால் கூரை புரட்டாசியிலேயே பூட்டியாயிற்றே என்று ஒரு கணம் நெஞ்சில் தெம்பு வந்தது. அடுத்த கணம் போயிற்று. ஸ்ரீல் தகட்டில் கடைக்காரன் ஒட்டித் தரும் நீல பிளாஸ்ரிக் தாளை, உப்புக் காற்றுப் படக் கூடாதென்று அவர் உரிக்காமலே வைத்திருந்தார். கொடியேற்றத்தன்று காலையில்தான் உரித்தார். உரித்துவிட்டு, போதாதென்று பொலிஷ் போட்டு ஒரு மணித்தியாலம் தேய்த்தார். அதில் முகம் பார்த்துத் தலையும் வாரினார்.

குண்டூசியும் வராது என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பத்துப் பேர் நிற்கச் சொன்னது.

வழி இல்லாமலில்லை. பட்டறையில் கிறீஸ் இருக்கிறது. கூரையில் மெல்லிசாய் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் மினுக்கம் போய்விடும். மழையில் மங்கிவிட்டது என்று நினைப்பார்கள். லைற் எரியும், சுருவம் வரும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கிறீஸ் ரின்னைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் பட்டறையிலிருந்து வெளியே வந்தார். லூர்த்தம்மா படலையடியில் பெண்கள் இரண்டு பேரோடு கதைத்துக்கொண்டு நின்றவள், அவரைக் கண்டதும் உள்ளே வந்தாள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் ஒரு முடிவு எடுத்திட்டம். சனிக்கிழமை சுருவம் போகுமட்டும் றெஜினாவைப் படலையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருக்கச் சொல்லப்போறம். மேசையும் வைக்க வேண்டாமெண்டு."

"ஆர் சொல்லுறது?"

"எல்லாருந்தான். அவவுக்கும் விளங்கும். அவ இல்லாத ரண்டு நாளும் லைற் அணையாமல் எரிஞ்சது, நீங்களே பாத்தனீங்கள்தானே."

இன்னாசித்தம்பி கிறீஸ் ரின்னைப் பார்த்தார். இப்போது பூசினால் நாளைக்கு லைற் அணையாது. றெஜினா வராததால் அணையவில்லை என்பார்கள். சனிக்கிழமையும் அணையாது. அடுத்த வருடமும், அதற்கு அடுத்த வருடமும் அந்த மனுசி படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதான். அவளுடைய புருஷன் உயிரோடு இருந்த நாளில் தன் எஞ்சினுக்கு இன்னாசியண்ணையைத் தவிர வேறு ஆளைக் கூப்பிட்டதில்லை.

ரின்னைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அன்றைக்குப் புட்டு மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை. லூர்த்தம்மா மீன்குழம்பில் உப்புப் பிழையோ என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் மழை இல்லை. செபம் தொடங்க முன்னமே இன்னாசித்தம்பி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கையில் குடையோடு மூன்றாம் வீட்டுப் படலையில் தட்டினார். றெஜினா மீன் வெட்டிய கையோடு வந்தாள்.

"என்ன அண்ணை, படலை பூட்டியிருக்கோ எண்டு பாக்க வந்தனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. கையைக் கழுவிக்கொண்டு கெபியடிக்கு வா. ஒரு வேலை இருக்கு."

"வந்தால் லைற் நூந்துபோகும். உங்கடை மனுசிதான் சொன்னவ."

"நூராது. நான் சொல்லுறன்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். எதையோ கண்டிருக்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கெபியடியில் பெண்கள் விலகி நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த அடைக்கலநாதனும் சைக்கிளோடு நின்றான். லைற் பற்றியது, அணைந்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். இன்னாசித்தம்பி குடையை விரித்து றெஜினாவின் கையில் கொடுத்து, கூரைக்கு மேலே பிடிக்கச் சொன்னார். பற்றிய லைற் பற்றியபடியே நின்றது. பெண்கள் அண்ணாந்து லைற்றையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம் போனது.

"நான் இப்ப ஒரு செபமும் சொல்லேல்லை" என்றாள் றெஜினா. "வடிவாய்ப் பாருங்கோ. எனக்கு அந்த மதில்காரியிலை இன்னும் கோவந்தான்."

பிறகு குடையைத் தானாகவே எடுத்தாள். அணைந்தது. பிடித்தாள். நின்றது. மீன் தராசு பிடித்த கை. நாலு தரம் எடுத்து நாலு தரம் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இன்னாசித்தம்பி தொண்டையைச் செருமினார். இவ்வளவு பேருக்கு முன்னால் அவர் கதைப்பது புதிதல்ல. ஆனால் இந்தக் கதை புதிது.

"பிழை றெஜினாவிலை இல்லை. சபையின்ரை லைற்றிலையும் இல்லை. என்ரை தகட்டிலை. அண்டைக்கு அந்தச் சபைப் பிள்ளை கேட்டது, ஏதும் புதிசாய் வைச்சனீங்களோ எண்டு. நான்தான் இல்லையெண்டனான்." அப்படியே முடித்துவிட மனம் வரவில்லை. "எண்டாலும் ஒண்டு சொல்லுறன். லைற்றை ஏமாத்தி விடிஞ்சிட்டுது எண்டு நம்பவைக்கிற அளவுக்கு ஒரு தகட்டை மினுக்க, இந்தக் குருநகரிலை என்னைவிட்டால் ஆளில்லை."

முதலில் சிரித்தது றெஜினா. அதற்குப் பிறகு மற்றவர்களால் அடக்க முடியவில்லை. லூர்த்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. றெஜினாவின் கையிலிருந்த குடையை வாங்கித் தான் பிடித்துக்கொண்டு, செபத்தை நீ தொடங்கு என்றாள். றெஜினா தொடங்கினாள். மதில்காரி இரண்டாவது ஆளாகச் சேர்ந்து சொன்னாள். அவர்களுடைய மதில் வழக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.

இரவே வித்தியாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி பிள்ளை, என்னை மாதிரி ஆளுக்கே ஒரு கிழமை பிடித்தது என்றார். அந்தப் பக்கத்தில் அவள் சிரித்தது கேட்டது. வெள்ளி காலை வந்தாள். கூரைக்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்க வேண்டி வருமென்று அவர் பெயின்ற் ரின்னும் தூரிகையுமாகக் கெபியடியில் காத்திருந்தார். அந்தோனியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெயரை வெட்டிய விளிம்பை மட்டும் இரண்டு மூன்று தரம் பார்த்தார்.

வித்தியா ரின்னை மூடி வைக்கச் சொன்னாள். திருப்புளியை எடுத்து, சென்சரைக் கழற்றி, கண்ணைக் கெபிக்கு முதுகு காட்டும்படி மறுபக்கம் திருப்பிப் பூட்டினாள். எட்டு நிமிட வேலை. இன்னாசித்தம்பி கீழே நின்று, இன்னும் எப்பன் வலப்பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன இடத்தில்தான் அது கடைசியில் நின்றது. வித்தியா கூரையை ஒருதரம் தடவிப் பார்த்து, ஒட்டே தெரியவில்லையே ஐயா என்றாள். அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும் என்று அவர் அன்றைக்கு ஒப்புக்கொண்டார்.

வெள்ளி பின்னேரம் சுவாமி வந்து நின்றார். ஐம்பத்துமூன்று மந்திரமும் முழு வெளிச்சத்தில் போயின. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஏழு மணிக்குச் சுருவம் ஒழுங்கைக்குள் திரும்பியது. இருபத்திமூன்று படலையிலும் மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி. மூன்றாம் வீட்டு மேசை மற்றவற்றைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. றெஜினா வேண்டுமென்றே கல் வைத்து உயர்த்தியிருந்தாள். பதினாறு பேரும் வாய்க்கால் கரையால் அடி மேல் அடி வைத்து வந்தார்கள். ஒவ்வொரு படலையிலும் சுருவம் நின்று, பாட்டுப் பாடி, நகர்ந்தது.

அடைக்கலநாதன் கூட்டத்தோடு வந்தவன் இன்னாசித்தம்பிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். தங்கள் றோட்டுக் கெபிக்கும் ஒரு கூரை அடித்துத் தர வேணும் என்றான். "ஆனால் அத்தான், எப்பன் மங்கலாய்."

"மங்கலாய்ச் செய்ய எனக்குத் தெரியாது மச்சான். அதுக்கு வேறை ஆளைப் பார்."

அவர் அதைச் சொன்னது அண்ணாந்தபடியே. முதலாவது லைற் கடந்தது, இரண்டாவது கடந்தது. சுருவம் எந்த லைற்றின் கீழே வருகிறதோ அந்த லைற்றைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பாட்டைப் பாடியது, கண் எண்ணிக்கொண்டிருந்தது. லூர்த்தம்மா முழங்கையால் இடித்து, லைற்றை விட்டுச் சுருவத்தைப் பாருங்கோ என்றாள். கேட்கவில்லை. ஆறு, ஏழு. எட்டாவதில் பொடியன்கள் தோள் மாற்ற நின்றபோது அவர் பாட்டை விட்டுவிட்டார், லைற் அசையவில்லை.

ஒன்பதாவதும் கடந்து, சுருவம் முடக்கில் பெரிய றோட்டுக்குத் திரும்பியது. அப்போதுதான் இன்னாசித்தம்பி மூச்சை விட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, எழுபது வருடமாகத் தான் காத்திருந்த மாதாவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பார்க்கக் கிடைத்தது முதுகுதான். நீலப் போர்வையில் நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது.